ஆளுக்கு ஒரு பாட்டில்

“இதோ பாருங்க, ரெண்டே ரெண்டு ஒயின் பாட்டில். எனக்கு ஒண்ணு, என் சம்சாரத்துக்கு ஒண்ணு. உங்க சட்டப்படி சரிதானே?”

மயாமி துறைமுகத்தில் சோதனைக்கு நின்ற ஊழியரிடம் டெல்பர்ட் இரண்டு பாட்டில்களையும் உயர்த்திக் காட்டினார். எல்லாரும் இவரைப் போல ஒழுங்காக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்த ஊழியர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

உல்லாசக் கப்பலில் தங்கள் அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் டெல்பர்ட் வாய்விட்டுச் சிரித்தார். “பாத்தியா ஆர்லீன்? கையில ஒயினைக் காட்டினா, பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எவன் கேப்பான்?”

ஆளுக்கு ஒரு பாட்டில் ஒயினைத் தவிர வேறு சரக்கு எதுவும் கொண்டுவரக் கூடாது, வேண்டுமென்றால் கப்பல் பாரில் வாங்கிக் குடி என்பது சட்டம். கீழே ஒப்படைத்துவிட்டு வந்த டெல்பர்ட்டின் பெட்டியிலோ, வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் பச்சைச் சாயம் கலந்த வோட்கா இருந்தது. மற்ற பாட்டில்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்டி அறை வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டால், ஒரு வாரம் அவர்தான் ராஜா.

ஆர்லீன் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை சரிபார்த்தாள். “நாற்பதாவது கல்யாண நாளுக்கு வந்திருக்கோம் டெல். மாட்டினா அடுத்த துறைமுகத்துல இறக்கி விட்டுடுவாங்களாம். கேப்டன் விருந்துக்குப் போடணும்னு எவ்வளவு ஆசையா கவுன் தைச்சுட்டு வந்திருக்கேன்!”

“பெட்டிக்குள்ள மடிச்சு வெச்சது கசங்கிப் போயிருக்கும். நீ அதுக்குக் கவலைப்படு, இதை நான் பாத்துக்கறேன்.”

“கசங்கின உடுப்போட நான் என்னைக்கு வெளியில போயிருக்கேன்? என் பெட்டியில இடம் பத்தலை. உன் பெட்டியிலயும் என் சாமான் ரெண்டு திணிச்சிருக்கேன்.”

டெல்பர்ட் எங்கே கேட்டார்! ஒஹையோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பையன்கள் ஒளித்து வைத்திருக்கும் சிகரெட்டைப் பிடிப்பதில் மன்னன். அந்தப் பெருமையை எடுத்துவிட இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

“நான் யார் பையையும் திறந்து பாத்ததே இல்ல கண்ணு. பையனை ரூமுக்குக் கூப்பிடுவேன். அவன் பையை மேஜைமேல வெச்சுட்டு, பேசாம உக்காந்திருப்பேன். அவ்வளவுதான். மடப்பயலுங்க, அவங்களே எல்லாத்தையும் உளறிக் கொட்டிடுவாங்க! வாயை மூடிட்டு இருந்தவன் ஒருத்தன்கூட மாட்டினதில்ல.”

சாயங்காலம் ஆர்லீனின் பெட்டி வந்தது. டெல்பர்ட்டின் பெட்டி வரவில்லை. கப்பல் கரையை விட்டு நகர்ந்த கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்த போன் அடித்தது.

“சார், உங்க பெட்டி கீழ்த்தளத்துல பாதுகாப்பு அறையில இருக்கு. கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?”

“ஐயோ, போச்சு!” என்று ஆர்லீன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் வாயைத் திறந்தாத்தானே?” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் டெல்பர்ட்.

கீழ்த்தளத்தில் அந்த அறையிலிருந்து ஒரு தடித்த ஆசாமி புலம்பிக்கொண்டே வெளியே வந்தார். “கப்பல் தீப்பிடிச்சிடுமாம்! ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயருக்கு இவ்வளவு அக்கப்போரா!”

இவனும் சரக்கோடு மாட்டினவன்தான், என்னமாய்ப் புளுகுகிறான் என்று டெல்பர்ட் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

உள்ளே ஓர் இளம் பெண் அதிகாரி கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அவருடைய பெட்டி மேஜைமேல் இருந்தது. உட்காரச் சொல்லிக் கையைக் காட்டியவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

டெல்பர்ட்டும் பேசவில்லை. பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். அடுத்த துறைமுகத்தில் ஊரே வேடிக்கை பார்க்க, கவுனைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஆர்லீன் அழுதுகொண்டே இறங்குவது கண்முன்னே வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“பெட்டியில என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும்ல சார்?” தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

அவ்வளவுதான்.

“தெரியும் மேடம், தெரியும்! எல்லாம் என் புத்திதான்!” டெல்பர்ட் பாய்ந்துபோய்த் தானே பெட்டியைத் திறந்தார். “இந்தப் பச்சை மருந்து வோட்கா. சன்ஸ்கிரீன்ல இருக்கறது விஸ்கி. ஷாம்பு பாட்டில்ல ரம். இது பைனாகுலரே இல்ல மேடம், மூடியைத் திருகினா ஜின்! என் சம்சாரத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பாவம், அவளை மட்டும் இறக்கி விட்டுடாதீங்க!”

அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டாள். அவர் பச்சை மருந்தைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு பாட்டிலாக ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கினார்.

“யாரையும் இறக்கி விட மாட்டோம், பயப்படாதீங்க” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள் அந்தப் பெண். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, அடியில் துண்டில் சுற்றியிருந்த ஆர்லீனின் சாமானை ஒயரோடு வெளியே எடுத்தாள்.

“நாங்க உங்களைக் கூப்பிட்டது இந்த அயர்ன் பாக்ஸுக்குத்தான் சார்!”