யாத்திரையில் ஆர்டர் கிடையாது

“ஊர் திரும்புற வரைக்கும் வெடி, ஆர்டர்னு வாயைத் திறக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுங்க” என்றாள் பிலோமினா. லூர்துராஜ் சத்தியம் செய்த பிறகே கார் சிவகாசியை விட்டுப் புறப்பட்டது.

பட்டாசுக் கம்பெனி முதலாளிக்குக் கடற்கரை நெடுகச் சோதனை. தூத்துக்குடி, மணப்பாடு, உவரி என இறங்கிய கோயிலிலெல்லாம் திருவிழாப் பேச்சு. “வாணவேடிக்கைக்கு நல்ல ஆள் வேணும்” என்று உவரியில் பங்குச் சாமியாரே சொன்னபோதும், லூர்துராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டு ஜெபமாலையை உருட்டினார்.

கன்னியாகுமரியில் உடைந்துபோனார்.

“பிலோமி, வாய்தான் மூடியிருக்கு, மனசு பூரா ஆர்டர்தான். பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாரேன்.”

“எனக்கும் சேத்து மன்னிப்புக் கேளுங்க.”

“நீ என்ன பாவம் பண்ணுன?”

அவள் கைப்பையிலிருந்து ஆர்டர் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். மூன்று ஊர்த் திருவிழாக்களும் அவள் கையெழுத்தில் அதில் பதிவாகியிருந்தன.

“சாமியாரைக் கண்டா இளகிப்போயி, பாதி வெடியைச் சும்மா குடுத்துருவீக. அதான் உங்க வாயைக் கட்டுனேன்!”