முழங்கால் ஆழம்

“உங்க வேலை லட்சணத்தைப் பாருங்க மாமா! முழங்கால் தண்ணியில இறக்கினதுக்கே வண்டி நகர மாட்டேங்குது!”

நாலு சக்கர பைக்கைப் பட்டறைக்குள் தள்ளி வந்தான் மெக்கானிக்கின் மச்சான்.

மெக்கானிக் கிளட்ச் மூடியைக் கழற்றினார். தண்ணீர் கொட்டியது. உள்ளே பெல்ட் தொப்பலாக நனைந்திருந்தது. அவர் முகம் சுருங்கியது. “தண்ணி புகாம அடைச்சாச்சு, முழங்கால் ஆழம் வரைக்கும் நான் பொறுப்பு” என்று மார்தட்டியவர் ஆயிற்றே!

“ஊருக்கெல்லாம் ஒழுங்கா பண்றீங்க. என் தம்பின்னா மட்டும் இளக்காரமா?” வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல்.

“தப்புதான் மச்சான். புது பெல்ட் என் செலவு. ஆமா, முழங்கால் ஆழம்தான்னு எப்படிப் பார்த்தே?”

“இதென்ன கேள்வி?” மச்சான் வண்டியில் ஏறி, ஓட்டுவதுபோல் உட்கார்ந்து முழங்காலைத் தட்டினான். “இதோ, இதுக்கு மேல ஒரு சொட்டு ஏறலை!”