குழம்பில் இறால்

பாம்! பாம்! பாம்!

மூன்று முறை ஹார்ன் அடித்தபடியே குளுவாங் டவுன் கிளினிக் வாசலில் வந்து நின்றது சுகுமாறனின் மோட்டார் சைக்கிள். பின்னால் கட்டியிருந்த நீலப் பெட்டி சாய்ந்து தண்ணீர் கொட்டியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் படுத்திருந்த பூனைதான் ஓடிவந்து அதை நக்கியது.

உள்ளே அவருடைய ஒன்பது வயது மகள் லோஷினி, முகமெல்லாம் சிவந்து, ஆவி மருந்து முகமூடிக்குள் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கையைப் பிசைந்தபடி, பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தும் கஸ்தூரி.

"இறால்தானே போட்ட? எம்பிள்ளைக்கு இறால் ஆகாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்ல? உன் கேன்டீன இன்னிக்கே இழுத்து மூட வைக்கிறேன் பாரு!"

"இறாலே வாங்கலண்ணே. வெறும் சூரை மீன் குழம்புதான். நேத்து மத்தியானம் வீட்டு வாசலுக்கு வந்த மீனு, எங்க மாமியார் வாங்கி வச்சாங்க."

"கதை விடாதம்மா! வீட்டுல தினம் ரெண்டு வேளையும் மீனுதான் திங்கிறா. ஒரு தும்மல் வந்ததில்ல!"

டாக்டர் தர்மினி குறுக்கே வந்து நின்றார்.

"கத்தாதீங்க. அவங்க சொல்றது உண்மைதான். அந்தக் குழம்பு சாப்பிட்ட இன்னும் நாலு பிள்ளைங்களுக்கும் முகம் இப்படித்தான் சிவந்திருக்கு. ஐஸ் இல்லாம வெயில்ல கிடந்த மீன்ல ஹிஸ்டமின்னு ஒரு நச்சு சேர்ந்திடும். கொதிக்க வச்சாலும் போகாது. மத்தவங்களுக்கு அரிப்போட விட்டுடும். உங்க மகளுக்கு ஏற்கெனவே இழுப்பு. மூச்சுக்குழாய் இறுகி, உள்ளே வீங்கிடுச்சு. இன்னும் பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா..."

சுகுமாறன் மேசையில் ஓங்கிக் குத்தினார். மருந்துக் குப்பிகள் அதிர்ந்தன.

"ஐஸ் போட கை வலிச்சுதா அந்த நாய்க்கு? பிள்ளைங்க திங்கிறதுன்னு ஒரு பயம் வேணாம்? எவன் அவன்? கையைக் காலை உடைக்காம விடமாட்டேன்!"

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டார்.

"எவன்னு கேக்குறேன்ல! அவனுக்குப் பயப்படுறியா?"

கஸ்தூரி முதன்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"எங்க தாமான் வீடுங்க பக்கம் மூணு ஹார்ன் அடிச்சு மீன் விக்கிறது உங்கள விட்டா வேற யாருண்ணே?"