தேத்தண்ணி வரிசை

ஆட்டம் முடியப் போகிறது. அவர் இன்னும் அவளைப் போகச் சொல்லவில்லை.

இரு பக்கமும் கோல் இல்லை. இன்று வென்றால்தான் அவர்களுடைய கால்பந்து அணி, ஹேல்பர்ட் டவுன், மேல் பிரிவுக்குப் போகும். சமநிலை போதாது.

அவள் ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தாள். கழுத்தில் கிளப்பின் பச்சைச் சால்வை. வாய்க்குள் முணுமுணுப்பு. நல்லூரானைத்தான் கூப்பிடுகிறார். இங்கிலாந்தின் கடைசிப் பிரிவுப் பந்தடியைப் பற்றி முருகனுக்கு என்ன தெரியுமோ.

எல்லாம் புரட்டாசியில் தொடங்கிய வினை.

அவள் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து ஹேல்பர்ட் ஒரு கோல் போட்டது. அடுத்த கிழமையும் அப்படியே. பிறகு விட்டாரா மனுசன்? அணி கொஞ்சம் திணறினால் போதும்.

"இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி."

அவள் கோப்பையோடு திரும்பும்போது கோல் விழுந்திருக்கும். போகப்போக முன்வரிசை வெள்ளைக்காரரும் நம்பிவிட்டார்கள். அவள் எழுந்தாலே கைதட்டினார்கள்.

பருவம் முழுவதும் குளிரில் வந்து குந்தியிருந்தாள். ஒரு கோலைக்கூடக் கண்ணால் காணவில்லை. அவர் பக்கத்தில் இருந்து ஒன்றையாவது பார்க்கவேண்டும் என்று ஆசை. சொன்னதில்லை.

இப்போது முன்வரிசை முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது.

அவர் அவளுடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரும். இண்டைக்கு நீரும் பாரும்."

அவள் மைதானத்தைப் பார்த்து நிமிர்ந்து இருந்தாள்.

பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு நடுங்கியது.

அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினாள்.

பின்னால் ஒரே கைதட்டல்.

தேத்தண்ணிக் கடையில் ஈ காக்கை இல்லை. விற்கிறவளும் ஆட்டம் பார்க்கப் போய்விட்டாள். இருந்தாலும் வரிசையில் நிற்பதுபோல் நின்றாள்.

முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். திரும்பினால், அவர்.

"ஐயோ, நீங்கள் ஏனப்பா வந்தனீங்கள்?"

"இவ்வளவு நாளும் நீர் இதிலை தனியத்தானே நிண்டனீர்."

கூரைத் தகரம் அதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே கத்தியது.

அவர் மைதானத்துப் பக்கம் திரும்பவே இல்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, அவளுக்கு முன்னால் துள்ளினார்.

கோல் விழும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவள் அன்றுதான் பார்த்தாள்.