இடிக்க வந்தவர்களுக்கு விருந்து

வீட்டை இடிக்க வந்தவர்களுக்கு யாராவது விருந்து வைப்பார்களா, சொல்லுங்கள்?

வெர்டி வைத்தாள்.

ஊரைப் புதுப்பிக்கிறோம், பெரிய சாலை வருகிறது என்று சொல்லி, கறுப்பர்கள் காலங்காலமாய்க் குடியிருந்த லாரல் தெருவை வீடு வீடாய் இடித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஆனால் போதும், இடிக்கிற ஆட்கள் அத்தனை பேரும் வெர்டி வீட்டு வாசலில். கெட்டிக் குழம்பில் வெந்த பன்றிக்கறி, சோளரொட்டி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு. வெள்ளைக்கார மேஸ்திரி தட்டை வழித்துவிட்டு மறுபடி நீட்டுவான்.

பக்கத்து வீட்டு ஓராவுக்கு வயிறு எரிந்தது. அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. தான் கட்டின வீட்டில்தான் உயிர் போகணும் என்று ஒரே பிடிவாதம். காலி செய்யச் சொன்ன கெடு முடிந்துவிட்டது. எந்த நேரம் இயந்திரம் வாசலுக்கு வருமோ என்று அவள் செத்துப் பிழைக்க, இவள் அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறாள்.

சர்ச் முடிந்ததும் ஓரா எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "நம்ம வழக்கத்துல சாவு விழுந்த வீட்டுக்குத்தான் தட்டுத் தட்டா சாப்பாடு போகும். இங்க செத்தது நம்ம தெரு. சாப்பாடு மட்டும் கொன்னவங்களுக்குப் போகுது."

பெண்கள் சிரித்தார்கள். வெர்டி காதில் வாங்காதவள் போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

எதிர்ச் சாரி முழுக்கப் போயிற்று. ஆனால், இடிக்கிறவர்கள் ஓரா வீட்டைத் தாண்டிப்போய் முனைக் கடையை இடித்தார்கள். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுட்டார் என்று அவள் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

சனிக்கிழமை வெர்டி மூட்டை கட்டினாள். மகன் வண்டியோடு வாசலில் நிற்க, அவள் தன் இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓராவின் அடுக்களைக்கு வந்தாள். திங்கட்கிழமை தன் வீடு போகிறது என்றாள்.

ஓரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஐயோ பாவம், உன் விருந்தாளிங்க பட்டினி கிடப்பாங்களே."

"அதுக்குத்தான் வந்தேன்." வெர்டி சட்டியை அடுப்பின் மேல் வைத்தாள். "முன்னாடியே உங்கிட்ட சொல்லியிருந்தா, அவங்ககூட மல்லுக்கு நின்னு காரியத்தைக் கெடுத்திருப்ப. பெரியவர் மூச்சு நிக்கிற வரைக்கும் அந்த வீட்டுல கை வைக்காதே, சாப்பாடு என் பொறுப்புன்னு மேஸ்திரிகிட்ட பேசி வெச்சிருக்கேன். குழம்புல மிளகு தூக்கலா இருக்கணும் அவனுக்கு. திங்கட்கிழமையிலிருந்து நீ பொங்கிப் போடு, தங்கச்சி."