படம் நடுங்கிய வகுப்பு

இதை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை செங்கமலவல்லி.

ஒரு வகுப்பறைக் கூரையில் புதிய புரொஜெக்டரை மாட்டினார்கள். முதல் நாளே சுவரில் படம் நடுங்கியது.

"அக்கா, உங்கள் ஆட்டம்தான் காரணம்" என்றது புரொஜெக்டர், பக்கத்து மின்விசிறியிடம்.

"நானா? பத்து வருடமாக இங்கே ஒரு சுண்ணாம்புத் துகள்கூட உதிர்ந்ததில்லை, தம்பி."

தன் திருகாணிதான் தளர்ந்திருக்கிறது என்பது புரொஜெக்டருக்குத் தெரியும். ஆனாலும், ஆசிரியையும் விசிறியின் ஆட்டம் என்றே நினைத்து அதை நிறுத்தியபோது புரொஜெக்டர் பேசாமல் இருந்தது.

படத்துக்காகச் சன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார்கள். காய்ச்சல் விட்டு அன்றுதான் வந்திருந்த சிறுமி ஒருத்தி மேசைமேல் தலைசாய்த்தாள். படம் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"நான்தான் நின்றுவிட்டேனே! உனக்குள் என்ன இரைகிறது?" என்றது விசிறி.

"எனக்குச் சூடு ஆகாது, அக்கா. உள்ளே ஒரு சின்ன விசிறி..."

"ஓகோ! உனக்கு மட்டும் காற்றா?"

கூரையில் தொங்குபவனுக்கு முகத்தை மறைக்க இடம் ஏது? புரொஜெக்டர் கூனிக்குறுகித் தன் விளக்கைத் தானே அணைத்துக்கொண்டது. ஆசிரியை சன்னல்களைத் திறந்து விசிறியைப் போட்டார். சிறுமி தலை நிமிர்ந்தாள்.

மணி அடிக்கும்வரை புரொஜெக்டர் கண் திறக்கவில்லை. பிள்ளைகளிடம் பறித்த காற்றை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது, சரியாகப் பதினொரு நிமிடம்.