ஏரியூர்ப் பலகை

வயிறு நிறைய முட்டைகளோடு வந்த தவளை, ஏரியூர் எல்லையில் நின்ற பெயர்ப்பலகையிடம் கேட்டது.

"அண்ணே, ஏரி எந்தப் பக்கம்? இன்றைக்குள் நான் முட்டையிட்டாக வேண்டும்."

"இது வளர்கிற ஊர், தங்கச்சி! மக்கள்தொகை நாற்பதாயிரம். நூல் ஆலை இரண்டு, பள்ளிக்கூடம் மூன்று!"

"ஏரி?"

"அதை மூடித்தானே மூன்றாவது பள்ளிக்கூடம் கட்டினோம்! பெயர்கூட ஏரிக்கரைப் பள்ளி."

"பெயருக்குள் முட்டையிட முடியுமா, அண்ணே?"

"போ போ, வளர்ச்சி தெரியாத ஜென்மம்!"

அன்று மாலை மழை கொட்டித் தீர்த்தது. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிப் போய்த் தங்கியது. மறுநாள் காலையில் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.

தவளை இளைத்த வயிற்றோடு பலகையிடம் வந்தது.

"ஏரி கிடைத்துவிட்டது, அண்ணே. ஒன்றாம் வகுப்பில் இருக்கிறது. உங்கள் மக்கள்தொகையில் மூவாயிரம் கூட்டிக்கொள்ளுங்கள்."